கல்லாவில் ஆள் இல்லாதபோது

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் என்ற ஊரில் மதுக்கடை நடத்திவந்தவர் ஜேம்ஸ் ரிட்டி. கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. லாபம் மட்டும் கைக்கு வந்து சேரவில்லை. பரிமாறும் ஊழியர்கள் காசைத் தங்கள் பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், பிடிக்கத்தான் வழி தெரியவில்லை. ஐரோப்பாவுக்குக் கப்பலில் போனபோது, உந்துசக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணும் கருவியொன்றைப் பார்த்தார். சுற்றை எண்ண முடியுமென்றால் விற்பனையையும் எண்ணலாமே என்று தோன்றியது. 1879-இல் சகோதரர் ஜானுடன் சேர்ந்து கல்லா இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ‘கறைபடாத காசாளர்’ என்பது அதற்கு அவர் வைத்த பெயர்.

அந்தத் தொழில் கைமாறி, 1884-இல் ஜான் பேட்டர்சனின் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனி ஆயிற்று. அதன் இன்றைய வாரிசான என்.சி.ஆர். வோயிக்ஸ், வாடிக்கையாளர்களே பில் போட்டுக்கொள்ளும் செல்ஃப் செக்அவுட் இயந்திரங்களை உலகெங்கும் பரப்பியிருக்கிறது. ஊழியரை நம்ப முடியாமல் பிறந்த இயந்திரத்தின் வம்சம், இப்போது ஊழியரை நகர்த்திவிட்டு வாடிக்கையாளரை நம்பச் சொல்கிறது. அப்படி நம்பியதன் விலை என்ன, அதை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

செல்ஃப் செக்அவுட் திருட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு தடங்களில் ஓடுகிறது. மக்களிடம் நேர்மை குறைந்துவிட்டது என்பார்கள் சிலர். கேமராவும் மென்பொருளும் இன்னும் தேற வேண்டும் என்பார்கள் வேறு சிலர். பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருக்கும் ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு என்ன கடமை, என்ன அதிகாரம், என்ன பாதுகாப்பு என்பதோடு இந்தத் திருட்டு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. ஊழியருக்கான தரம் என்று கடைகள் எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் ஊழியர் என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல்தான். ஊழியருக்குக் கடை என்ன செய்ய வேண்டும் என்ற பாதி அதில் விடுபட்டுப்போகிறது.

நம்பிக்கை இடம் மாறிய கதை

நூற்றாண்டுக்கு முன் அமெரிக்க மளிகைக் கடையில் வாடிக்கையாளர் சரக்கைத் தொட முடியாது. சீட்டை நீட்டினால் குமாஸ்தா எடுத்து, நிறுத்து, கட்டிக் கொடுப்பார். 1916-இல் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த பிக்லி விக்லி கடை இந்த வழக்கத்தை உடைத்தது. கூடையை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளரே அலமாரிகளுக்கு நடுவே நடக்கலாம். ஆனால் சாண்டர்ஸ் முழுக்க நம்பிவிடவில்லை. சுழல் கதவு வழியாக உள்ளே வந்தவர் ஒரே பாதையில் கடை முழுவதும் சுற்றி, கடைசியில் காசாளர் முன்னால் வந்து நின்றுதான் வெளியேற முடியும். சரக்கைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் ஆளை நிறுத்தினார். அந்த அமைப்புக்கு அடுத்த ஆண்டே காப்புரிமையும் பெற்றார்.

1974 ஜூன் 26 அன்று டேட்டனுக்குப் பக்கத்து ஊரான ட்ராயில், மார்ஷ் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு ரிக்லி சூயிங்கம் பொட்டலம் பார்கோடு மூலம் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. அன்று அந்த மேசையில் இருந்ததும் என்.சி.ஆர். கல்லாதான். பொருளின் விலையை நினைவில் வைத்துத் தட்டச்சு செய்யும் தேர்ச்சி இனி தேவைப்படவில்லை. பொருளைக் கண்ணாடி மேல் காட்டினால் போதும். தேர்ச்சி தேவையில்லாத வேலையை வாடிக்கையாளரே செய்யலாமே என்ற யோசனை வர அதிக காலம் ஆகவில்லை. 1986-இல் அட்லாண்டாவுக்கு அருகிலுள்ள க்ரோகர் கடையில் டேவிட் ஹம்பிள் உருவாக்கிய ‘செக்ரோபாட்’ இயந்திரம் சோதனைக்கு வந்தது. வாடிக்கையாளர் ஸ்கேன் செய்வார். பணத்தை மட்டும் பொதுவான ஒரு காசாளரிடம் கட்டுவார். பின்னால் வந்த இயந்திரங்கள் அந்தக் காசாளரையும் எடுத்துவிட்டன.

காசாளர் செய்துகொண்டிருந்த வேலைகள் இரண்டு. பில் போடுவது ஒன்று. கடைக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு மனித முகமாக இருப்பது இன்னொன்று. இரண்டாவதற்குச் சம்பளச் சீட்டில் தனித் தலைப்பு கிடையாது. அதனால் முதல் வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்தபோது இரண்டாவது வேலை போன இடத்தை யாரும் கணக்கில் எழுதவில்லை.

எவ்வளவு போகிறது?

ஏட்டுக் கணக்கின்படி இருக்க வேண்டிய சரக்குக்கும் அலமாரியில் உண்மையில் இருக்கும் சரக்குக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரக்குக் குறைவு என்று வைத்துக்கொள்வோம். வெளியார் திருட்டு, ஊழியர் திருட்டு, கணக்குப் பிழை, சேதம் எல்லாம் சேர்ந்ததே அந்தக் குறைவு. இதில் செல்ஃப் செக்அவுட்டின் பங்கை முறையாக அளக்க முயன்றவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகக் குற்றவியலாளர் ஏட்ரியன் பெக். வாடிக்கையாளர் கையில் வைத்தே ஸ்கேன் செய்துகொள்ளும் கருவிகளையும் செல்பேசிச் செயலிகளையும் பற்றி அவரும் மேட் ஹாப்கின்ஸும் செய்த ஆய்வு பத்து லட்சம் பரிவர்த்தனைகளையும் சுமார் 60 லட்சம் பொருள்களையும் தணிக்கை செய்தது. மொத்த மதிப்பில் ஏறத்தாழ 4 சதவீதம் ஸ்கேன் ஆகாமலே வெளியே போயிருந்தது. மளிகை வியாபாரத்தில் நிகர லாபமே பொதுவாக 1 முதல் 3 சதவீதம்தான்.

நிலையான செல்ஃப் செக்அவுட் இயந்திரங்களைப் பற்றி 2018-இல் பெக் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கணக்கைக் கொடுத்தது. ஒரு கடையின் பரிவர்த்தனைகளில் 55 முதல் 60 சதவீதம் இந்த இயந்திரங்கள் வழியாகப் போனால், அங்கே சரக்குக் குறைவு சுமார் 31 சதவீதம் கூடுதலாக இருக்கும் என்றது அது. காசாளர் இருக்கும் கடையிலும் சரக்கு குறையும். ஆள் குறையக் குறைய அது ஏறுகிறது.

எண்களோடு எச்சரிக்கையும் தேவை. அமெரிக்காவின் தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு 2023-இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, 2021-ஆம் ஆண்டின் 9,450 கோடி டாலர் சரக்குக் குறைவில் கிட்டத்தட்டப் பாதிக்குக் திட்டமிட்டுத் திருடும் கும்பல்களே காரணம் என்றது. அந்தக் கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்து அதே ஆண்டு டிசம்பரில் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. அதே கூட்டமைப்பின் கணக்கெடுப்பில், 2022-ஆம் நிதியாண்டின் சரக்குக் குறைவு 11,210 கோடி டாலர். அதில் வெளியார் திருட்டின் பங்கு 36 சதவீதம், ஊழியர் திருட்டின் பங்கு 29 சதவீதம், நடைமுறைக் கோளாறுகளின் பங்கு 27 சதவீதம். கடை நிர்வாகங்கள் பேட்டிகளில் முதல் எண்ணையே அதிகம் சொல்கின்றன. மூன்றாவது எண்ணைச் சொன்னால், போதிய ஆள் வைக்காமல் கடை நடத்துவது யார் என்ற கேள்வி எழுந்துவிடும்.

கேரட் வாங்கிய கூட்டம்

செல்ஃப் செக்அவுட்டில் திருடுவது எப்படி என்று பார்த்தால், அதற்குப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை என்பது விளங்கும். பார்கோடு இல்லாத காய்கறி, பழங்களைத் திரையில் பெயர் தேடியோ எண் அழுத்தியோ தராசில் வைக்க வேண்டும். வாழைப்பழத்தின் எண் 4011 என்பது மேலை நாட்டுக் காசாளர்களுக்கெல்லாம் மனப்பாடம். விலையுயர்ந்த இறைச்சியைத் தராசில் வைத்து 4011 என்று அழுத்தினால், இயந்திரத்தைப் பொறுத்தவரை அது வாழைப்பழம். ஆஸ்திரேலியாவில் பெரிய சூப்பர்மார்க்கெட் ஒன்றில் கணக்குப் பார்த்தபோது, கடைக்கு வந்து இறங்கியதைவிட அதிகமான கேரட் விற்றிருந்தது. அவகாடோவும் மற்ற விலையுயர்ந்த காய்களும் கேரட் என்ற பெயரில் வெளியே போய்க்கொண்டிருந்தன.

இந்தக் கேரட் கணக்கை ஆய்வுலகத்துக்குக் கொண்டுவந்தவர் குற்றவியலாளர் எம்லின் டெய்லர். 2016-இல் வெளிவந்த கட்டுரையில், வழக்கமான கடைத் திருடர்களிலிருந்து வேறுபட்ட ஒரு கூட்டத்தை அவர் அடையாளம் காட்டினார். இவர்கள் கோட்டுக்குள் பொருளை ஒளிக்க மாட்டார்கள். பணமே கொடுக்காமல் போகவும் மாட்டார்கள். கூடையில் இருபது பொருள் இருந்தால் பதினெட்டுக்கு ஒழுங்காகக் காசு கட்டுவார்கள். தங்களைத் திருடர் என்று ஒருகணமும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

அப்படி நினைக்காமலிருக்க மனம் என்ன செய்கிறது என்பதை 1957-லேயே சமூகவியலாளர்கள் கிரெஷாம் சைக்ஸும் டேவிட் மாட்சாவும் விளக்கியிருக்கிறார்கள். தவறு செய்பவர் சமூக ஒழுக்கத்தை நிராகரிப்பதில்லை. தன் செயலுக்கு மட்டும் விலக்கு எழுதிக்கொள்கிறார். பொறுப்பு என்னுடையதல்ல, யாருக்கும் நஷ்டமில்லை, பாதிக்கப்பட்டவருக்கு அது வேண்டியதுதான், என்னைக் குறைசொல்பவர்கள் மட்டும் யோக்கியமா, என் ஆட்களுக்காகத்தான் செய்தேன் என்று ஐந்து வகைச் சமாதானங்களை அவர்கள் பட்டியலிட்டார்கள். செல்ஃப் செக்அவுட் இந்த ஐந்தில் முதல் நான்கையும் கையில் எடுத்துக் கொடுக்கிறது. இயந்திரம் சரியாக ஸ்கேன் செய்யவில்லை; இவ்வளவு பெரிய கம்பெனிக்கு இதுவா நஷ்டம்; காசாளரை வேலையை விட்டு அனுப்பியவர்கள்தானே இவர்கள்; நானே பில் போட்டுக்கொடுத்த உழைப்புக்குக் கூலி யார் தந்தார்கள்? சமூகவியலாளர் கிறிஸ்டஃபர் ஆண்ட்ரூஸ் 2018-இல் எழுதிய நூல் இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது: சம்பளம் வாங்கி ஒருவர் செய்த வேலை, சம்பளமில்லாமல் வாடிக்கையாளர் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

இதில் நேர்மையான பிழையையும் வேண்டுமென்றே செய்ததையும் பிரிப்பது லேசல்ல. காசாளர் நாளெல்லாம் செய்து பழகியதை வாடிக்கையாளர் வாரத்துக்கு ஒருமுறை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செய்கிறார். தள்ளுவண்டியின் அடித்தட்டில் இருக்கும் தண்ணீர் பாட்டில் கட்டு மறந்துபோகும். ‘பீப்’ சத்தம் பக்கத்து இயந்திரத்திலிருந்து வந்திருக்கும். தன்னுடையது என்று நினைத்துப் பொருளைப் பையில் போட்டுவிடுவார். பிழைக்கு இவ்வளவு இடம் இருப்பதால்தான் திருடுபவருக்கும் ‘கவனிக்கவில்லை’ என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. அந்தப் பதிலை முகத்துக்கு நேராகக் கேட்டு, எது பிழை எது திருட்டு என்று அங்கேயே எடைபோட வேண்டியவர் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஒரே ஊழியர்.

எட்டு இயந்திரத்துக்கு ஒருவர்

அவருடைய வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஆறோ எட்டோ இயந்திரங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு விளக்கு. ஒன்றில் சிவப்பு எரிகிறது: பீர் வாங்குகிறார், வயதைச் சரிபார்க்க வேண்டும். போய்ப் பார்த்து அட்டையைத் தேய்த்து அனுமதிப்பதற்குள் இன்னொன்றில் சிவப்பு: பை வைக்கும் தட்டில் எதிர்பாராத பொருள் இருக்கிறதாம். ஒவ்வொரு பொருளின் எடையும் இயந்திரத்தின் நினைவில் இருக்கிறது. ஸ்கேன் ஆனதும் தட்டில் அதே எடை ஏற வேண்டும். வாடிக்கையாளர் வீட்டிலிருந்து கொண்டுவந்த துணிப்பையே அந்தக் கணக்கைக் குலைக்கப் போதும். மூன்றாவதில் தள்ளுபடிக் கூப்பன் ஏறவில்லை, நான்காவதில் ரசீதுத் தாள் தீர்ந்துவிட்டது. பொய் எச்சரிக்கைகள் பெருகியதும் ஊழியர் திரையைப் பார்க்காமலேயே அட்டையைத் தேய்த்துவிட்டுப் போகப் பழகுகிறார். வரிசை நகர வேண்டும் என்று சில கடைகள் தராசுச் சோதனையையே தளர்த்தின. இதற்கு நடுவில், பின்பக்கம் திரும்பியிருக்கும் ஐந்தாவது ஆள் இறைச்சியைக் கேரட் என்று எடைபோடுவதையும் இவரே கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன செய்வது? அமெரிக்கப் பெருங்கடைகள் பலவற்றில், பொருளை எடுத்துக்கொண்டு ஓடுபவரைத் தடுக்கக் கூடாது, பின்தொடரக் கூடாது என்று எழுதி வைத்த விதி உண்டு. 2023-இல் ஜார்ஜியா மாநிலத்தில் லுலுலெமன் ஆடைக்கடையில், முகமூடி அணிந்து வந்து துணிகளை அள்ளிச் சென்றவர்களை எதிர்கொண்டதற்காக இரண்டு ஊழியர்கள் வேலை இழந்தார்கள். ஊழியரின் உயிரே முக்கியம் என்று சொல்லி நிறுவனத்தின் தலைமை நிர்வாகி அந்த முடிவை நியாயப்படுத்தினார்.

அந்த விதியை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. 2022 அக்டோபரில் வட கரோலினாவின் ஹில்ஸ்பரோவில் ஹோம் டிப்போ கடையில் திருடியவரால் கீழே தள்ளப்பட்ட 83 வயது ஊழியர் சில வாரங்களில் இறந்தார். 2023 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் ப்ளசன்டன் நகரில், அதே நிறுவனத்தின் இன்னொரு கடையில், திருட்டைத் தடுக்க முயன்ற ஊழியர் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரிட்டனில் சில்லறை வணிகர் கூட்டமைப்பு 2025-இல் வெளியிட்ட கணக்கில், முந்தைய ஓராண்டில் கடைத் திருட்டுகள் 2 கோடியைத் தாண்டின. ஊழியர்கள் மீதான வன்முறையும் வசையும் நாளுக்கு 2,000-க்கும் மேல். கடை ஊழியரைத் தாக்குவதைத் தனிக் குற்றமாக்கி ஸ்காட்லாந்து 2021-இல் சட்டம் இயற்றியது.

தவறாகப் பிடிப்பதற்கும் விலை உண்டு. அலபாமா மாநிலத்தில் 2016-இல் வால்மார்ட் கடையொன்றில் செல்ஃப் செக்அவுட்டில் பில் போட்டு வெளியே வந்த ஒரு பெண், 48 டாலர் மதிப்புள்ள பொருள்களுக்குக் காசு கட்டவில்லை என்று நிறுத்தப்பட்டார். ஸ்கேனர் அடிக்கடி நின்றுபோனதாகவும், கடை ஊழியரே வந்து உதவியதாகவும் அவர் சொன்னது எடுபடவில்லை. கைது, வழக்கு எல்லாம் நடந்து, பிறகு வழக்கு தள்ளுபடியாயிற்று. இதற்கிடையே 200 டாலர் கட்டினால் விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்று வழக்கறிஞர் நிறுவனத்திடமிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்தன. அவர் வால்மார்ட் மீது தொடுத்த வழக்கில் ஜூரி 2021-இல் 21 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது.

ஆக, அந்த ஒற்றை ஊழியர் திருடனைத் தடுத்தால் வேலை போகலாம், உயிரும் போகலாம். நிரபராதியைத் தடுத்தால் வழக்கு வரும். யாரையும் தடுக்காவிட்டால் மாதக் கடைசியில் சரக்குக் குறைவுக் கணக்கு அவர் கடையின் தலையில் விழும். குறைவு கூடினால் செலவைக் குறைக்க வேண்டும் என்பார்கள். செலவைக் குறைப்பதென்றால் ஊழியர்களின் வேலை நேரத்தை வெட்டுவது என்று பொருள். நேரத்தை வெட்டினால் குறைவு இன்னும் கூடும்.

ஊழியரின் நேர்மைக்கு என்ன விலை?

ரிட்டியின் சந்தேகம் பொய்யல்ல. ஊழியரும் திருடுவதுண்டு. தெரிந்தவர்கள் வந்தால் காசாளர் சில பொருள்களை ஸ்கேன் செய்யாமல் தள்ளிவிடுவது உலகெங்கும் உள்ள பழக்கம். செல்ஃப் செக்அவுட் வந்த பிறகு கண்டும் காணாமல் திரும்பிக்கொள்வதே அதற்குப் போதும். இதற்குக் கடைகள் கண்ட மருந்து கண்காணிப்பும் பணிநீக்கமும். ஆய்வுகள் வேறொரு மருந்தையும் காட்டுகின்றன.

1990-இல் ஜெரால்ட் கிரீன்பெர்க் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரே நிறுவனத்தின் மூன்று தொழிற்சாலைகள். ஒப்பந்தங்கள் கைநழுவியதால் இரண்டில் மட்டும் பத்து வாரங்களுக்குச் சம்பளத்தை 15 சதவீதம் குறைத்தார்கள். ஒரு தொழிற்சாலையில் நிர்வாகம் ஊழியர்களை உட்காரவைத்து, கணக்கைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னது. இன்னொன்றில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். சம்பளம் குறையாத மூன்றாவதில் மாற்றம் இல்லை. குறைந்த இரண்டிலும் திருட்டு கூடியது. விளக்கம் தராத இடத்தில்தான் அது மிக அதிகம். சம்பளம் பழைய நிலைக்கு வந்ததும் திருட்டும் இறங்கியது. 2012-இல் கிளாரா சென், டாட்டியானா சாண்டினோ இருவரும் அமெரிக்கச் சிறுகடைச் சங்கிலிகளின் தரவுகளை ஆராய்ந்தார்கள். அக்கம்பக்கத்துப் போட்டிக் கடைகளைவிடக் கூடுதலாகச் சம்பளம் கொடுத்த கடைகளில் ஊழியர் திருட்டு குறைவாக இருந்தது.

திருட்டே இல்லாத இடத்திலும் சரக்கு காணாமல் போகிறது. நிக்கோல் டிஹொரேஷியஸும் அனந்த் ராமனும் ஒரு நிறுவனத்தின் 37 கடைகளில் சுமார் 3,70,000 சரக்கு இருப்புப் பதிவுகளைச் சோதித்து 2008-இல் வெளியிட்ட முடிவுப்படி, ஏறத்தாழ 65 சதவீதப் பதிவுகள் தவறு. இருப்புக் கணக்கே தவறாக இருக்கும்போது எது திருட்டு, எது கணக்குப் பிழை என்று எப்படிச் சொல்வது? எம்.ஐ.டி.யில் கற்பிக்கும் செய்னெப் டோன் தம் ஆய்வுகளில் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: ஆளைக் குறைத்து, பயிற்சியைக் குறைத்து நடத்தும் கடையில் பிழை பெருகி, அந்தப் பிழையின் செலவு மிச்சம் பிடித்த சம்பளத்தைத் தின்றுவிடுகிறது.

கேமராவும் பின்வாங்கலும்

கடைகள் முதலில் நாடியது கேமராவைத்தான். அயர்லாந்தின் எவர்சீன் நிறுவனத்தின் மென்பொருளை வால்மார்ட் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளில் பயன்படுத்துவது 2019-இல் வெளியே தெரிந்தது. ஸ்கேன் ஆகாத பொருள் பைக்குள் போனால் கேமரா கண்டு ஊழியரை அழைக்கும். அடுத்த ஆண்டே வால்மார்ட் ஊழியர்கள் சிலர், அது பொய் எச்சரிக்கைகளைக் குவிப்பதாகவும், கோவிட் காலத்தில் தேவையில்லாமல் வாடிக்கையாளர் பக்கத்தில் போய் நிற்கவைப்பதாகவும் குறைசொன்னார்கள். 2025-இல் பிரிட்டனின் டெஸ்கோ, ஸ்கேன் தவறிய கணத்தை வாடிக்கையாளருக்கே திரையில் மறுஒளிபரப்பிக் காட்டும் முறையைச் சில கடைகளில் கொண்டுவந்தது. ஊழியர் வாய்திறந்து குற்றம் சொல்ல வேண்டியதில்லை என்பது இதில் ஒரு நன்மை. ஆனால் கேமரா கண்டதற்குப் பிறகு சமாதானம் பேசவும், திட்டு வாங்கவும் ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

கல்லாவே இல்லாமல் பொருளை எடுத்துக்கொண்டு நடந்துபோகலாம் என்று அமேசான் கொண்டுவந்த முறையிலும் ஆள் தேவைப்பட்டார். 2024 ஏப்ரலில் அமெரிக்காவிலுள்ள தன் ஃப்ரெஷ் மளிகைக் கடைகளிலிருந்து அந்த முறையை அது நீக்கியபோது, விடியோக்களைப் பார்த்துச் சரிபார்க்க இந்தியாவில் சுமார் ஆயிரம் பேர் வேலை செய்ததாகச் செய்தி வந்தது. அவர்கள் பெரும்பாலும் மென்பொருளைப் பயிற்றுவிப்பவர்களே என்று அமேசான் மறுத்தது. எப்படிச் சொன்னாலும், கல்லாவில் எடுத்த ஆள் வேறெங்கோ ஒரு திரை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அதற்குள் பல கடைகள் பின்வாங்கத் தொடங்கியிருந்தன. அமெரிக்கக் கடைச் சங்கிலியான வெக்மன்ஸ் 2022-இல் செல்பேசி ஸ்கேன் செயலியை நஷ்டம் காரணமாக நிறுத்தியது. வட இங்கிலாந்தின் பூத்ஸ் 2023-இல் தன் 28 கடைகளில் இரண்டைத் தவிர மற்றவற்றில் இயந்திரங்களை எடுத்துவிடுவதாக அறிவித்தது. அவை மெதுவானவை, நம்ப முடியாதவை, மனித முகமற்றவை என்று வாடிக்கையாளர்கள் சொன்னதைக் காரணமாகக் காட்டியது. அமெரிக்காவின் டார்கெட் 2024 மார்ச்சில் பெரும்பாலான கடைகளில் செல்ஃப் செக்அவுட்டை 10 பொருள்களுக்குள் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டில் டாலர் ஜெனரல் சுமார் 12,000 கடைகளில் அதை நீக்கியது. ஊருக்கு ஊர் மிகக் குறைந்த ஆட்களை வைத்துக் கடை நடத்துவதில் பேர்போன நிறுவனமே, கல்லாவுக்கு ஆளைத் திரும்பக் கூப்பிட்டது கணக்குப் பார்த்துத்தான்.

எண்ணிச் சொல்லக்கூடிய தரம்

சந்தையே கற்றுக்கொண்டது என்று விட்டுவிடலாமா? கடைகள் நஷ்டத்தைப் பார்த்து ஆளைக் கூட்டும். நஷ்டம் குறைந்ததும் மறுபடி குறைக்கும். இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவருடைய பாடு அந்தக் கணக்கில் வராது. கலிஃபோர்னியா மேலவை உறுப்பினர் லோலா ஸ்மால்வுட்-கியூவாஸ் 2024-இல் கொண்டுவந்த மசோதா, ஓர் ஊழியர் இரண்டு இயந்திரங்களுக்கு மேல் பார்க்கக் கூடாது, அந்த நேரத்தில் அவருக்கு வேறு வேலை தரக் கூடாது என்றது. அது சட்டமாகவில்லை. 2025-இல் அதே மாநிலத்தின் லாங் பீச் நகராட்சி மூன்று இயந்திரங்களுக்கு ஓர் ஊழியர், அதிகபட்சம் 15 பொருள்கள் என்று விதி இயற்றியது. அந்த விதிக்கு உட்பட்டு ஆள் வைப்பதற்குப் பதில் சில கடைகள் இயந்திரங்களையே நிறுத்திவிட்டன. வரிசை நீண்டதென்று வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். மூன்றுக்கு ஓர் ஆள் வைத்தால் இயந்திரத்தால் மிச்சமில்லை என்று அந்தக் கடைகள் முடிவெடுத்தன என்றால், அதுவரை கிடைத்த மிச்சம் இல்லாத ஊழியரின் சம்பளம்தான் என்பதை அவையே ஒப்புக்கொண்டதாகிறது.

தமிழ்நாட்டில் செல்ஃப் செக்அவுட் இன்னும் பரவலாகவில்லை. இங்கே பெரிய கடைகளில் வாசலில் நிற்கும் காவலர் பில்லைப் பார்த்துத் துளையிட்டோ முத்திரை குத்தியோ அனுப்புகிறார். ஆனால் கடை ஊழியருக்கான தரத்தை எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றாகச் சட்டத்தில் எழுதலாம் என்பதற்கு இங்கேயே முன்னுதாரணம் உண்டு. நாளெல்லாம் நின்றே வேலை செய்யும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஊழியர் நலன் பேணப்படும் என்று பொதுவாக எழுதியிருந்தால் அதை யாரும் சோதிக்க முடியாது. இருக்கை இருக்கிறதா இல்லையா என்பதை ஆய்வாளர் உள்ளே நுழைந்தவுடன் பார்த்துவிடலாம்.

செல்ஃப் செக்அவுட் இங்கே பெருகும்போதும் அப்படிச் சரிபார்க்கக்கூடிய விதிகளே வேண்டும். ஓர் ஊழியருக்கு எத்தனை இயந்திரம் என்பது எண்ணாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவருக்கு அலமாரி அடுக்கும் வேலையும் சேர்த்துத் தரக் கூடாது. சந்தேகம் வந்தால் குற்றம் சாட்டாமல் ‘உதவட்டுமா?’ என்று அருகில் போய் நிற்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். தடுக்கவில்லை என்பதற்காகத் தண்டனையோ, காணாமல் போன சரக்குக்குச் சம்பளப் பிடித்தமோ கூடாது. இவையெல்லாம் செலவுதான். அந்தச் செலவைத் தவிர்த்த கடைகள் என்ன கொடுத்தன என்பதை பெக்கின் 31 சதவீதமும், கேரட் கணக்கும், ப்ளசன்டன் மரணமும் சொல்கின்றன. ஒரு கடை செல்ஃப் செக்அவுட் வைக்கலாமா என்று யோசிக்கும்போது இயந்திரத்தின் விலையோடு, அதன் பக்கத்தில் நிற்கப்போகிறவரின் சம்பளத்தையும் முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளட்டும். அதற்குப் பிறகும் கணக்கு லாபம் காட்டினால் தாராளமாக வைக்கலாம்.